பரலுக்குள் முன்பு என்ன இருந்தது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பிளேன்டியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்து இரண்டாம் நாள். எல்லா வீட்டையும் போல எங்கள் வீட்டிலும் பிரிஜ் நிறைய உழ்ஹிய்யா இறைச்சி. ராத்தாவின் மகன் தொலைபேசியை நீட்டி ஒரு வீடியோவைக் காட்டினான். அமெரிக்காவில் யாரோ ஒருவர் ஓர் இரும்புப் பரலில் நாலு ஓட்டை போட்டு, அடியில் கரி வைத்து, மேலே மாட்டிறைச்சியை அடுக்கி மூடுகிறார். பன்னிரண்டு மணித்தியாலம் கழித்துத் திறக்கிறார். இறைச்சி கையால் தொட்டாலே பிரிகிறது. "மாமா, நாமளும் ஒண்டு செய்வமே" என்றான். எனக்கும் ஆசை வந்துவிட்டது.

பழைய இரும்புக் கடையில் நீலநிறப் பரல் ஒன்று கிடைத்தது. நல்ல தகரம், துரு இல்லை. பக்கத்தில் ஒட்டியிருந்த லேபலை யாரோ சுரண்டி எடுத்திருந்தார்கள். அதைப் பார்த்தேன், ஆனால் பெரிதாக நினைக்கவில்லை. முச்சக்கரவண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே வெல்டிங் செய்யும் நானாவிடம் போனோம். கிரைண்டரைக் கையில் எடுத்தவர் பரலைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"சேர், இதுக்குள்ள முன்ன என்ன இருந்த?"

தெரியாது என்றேன். அவர் மேல் மூடியிலிருந்த சிறிய அடைப்பைக் கழற்றி, மூக்கைக் கிட்டக் கொண்டுபோகாமல் கையால் காற்றை விசிறி மணந்தார். தின்னர் மாதிரி இனிப்பான ஒரு நாற்றம். எனக்கே அடித்தது. கட்டார் நாட்டில் அவர் வேலை செய்த இடத்தில், "வெறும் பரல்தானே" என்று ஒருவன் கிரைண்டரை வைத்ததையும், மூடி பறந்ததையும், அவனுக்கு என்ன நடந்தது என்பதையும் சொன்னார். இங்கே நான் எழுதப் போவதில்லை. மருமகன் பேசாமல் நின்றான். அந்தக் கிரைண்டரை அவனிடம் கொடுத்து வீட்டிலேயே வெட்டச் சொல்லலாம் என்றுதான் காலையில் நான் யோசித்திருந்தேன்.

22 வருடமாக வரலாறு படிப்பிக்கிறேன். ஒரு பொருளைக் கண்டால் இது எங்கிருந்து வந்தது, யார் செய்தது, எதற்குச் செய்தது என்று கேள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வது என் தொழில். கடையில் நின்றபோது அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. ஒட்டுத் தொழில் செய்பவருக்கு வந்தது. அந்த வெட்கத்தில்தான் இந்தப் பரலின் கதையைத் தேடி வாசித்தேன்.

முதலில் புகை. பரல் வந்தது நேற்று, புகை மிகப் பழையது.

பார்பிகியூ என்ற சொல் அமெரிக்க வெள்ளையர்களுடையது என்று பலர் நினைக்கிறார்கள். அல்ல. கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்கள் பச்சைத் தடிகளால் ஒரு பரண் கட்டி, கீழே மெதுவான நெருப்பு வைத்து, மேலே மீனையும் இறைச்சியையும் போட்டு வாட்டினார்கள். அந்தப் பரணின் பெயரைத்தான் ஸ்பானியர்கள் 1500களில் 'பர்பகோவா' என்று எழுதிவைத்தார்கள். கொலம்பஸ் வந்து சில தசாப்தங்களுக்குள் நோயாலும் அடிமை வேலையாலும் டைனோ மக்களில் பெரும்பாலானோர் அழிந்துபோனார்கள். பரணின் பெயர் மட்டும் இன்று உலகத்தின் எல்லா ஹோட்டல் மெனுவிலும் இருக்கிறது.

பிரேசில் பக்கத்து துப்பி மக்களிடமும் இதே போன்ற பரண் இருந்தது. அவர்களுடைய சொல் பிரெஞ்சுக்காரரின் வாயில் 'புக்கான்' ஆனது. ஹிஸ்பானியோலா தீவில் காட்டு மாடுகளை வேட்டையாடி, புக்கானில் வாட்டி, கப்பல்களுக்கு விற்றுப் பிழைத்தவர்களை 'புக்கானியர்' என்றார்கள். ஸ்பானியர்கள் துரத்தத் துரத்த அவர்கள் கடற்கொள்ளைக்காரர்களாக மாறினார்கள். ஆங்கிலத்தில் கடற்கொள்ளையருக்கு வழங்கும் ஒரு சொல்லின் பொருள், சரியாகப் பார்த்தால், இறைச்சி வாட்டுகிறவன்.

நமக்கு இதெல்லாம் புதுமை என்று நினைக்கவேண்டாம். உங்கள் குசினியில் மாசிப் போத்தலைத் திறந்து மணந்து பாருங்கள். இப்னு பதூதா 1343இல் மாலைதீவுக்கு வந்து, அங்கே காழியாராக இருந்து, அடுத்த வருடம் நம் நாட்டுக்கு வந்து பாவாதமலைக்கும் ஏறினார் அல்லவா? அவருடைய பயண நூலில் மாசி இருக்கிறது. மீனை நான்காக வெட்டி, இலேசாக அவித்து, ஓலைக் கூடைகளில் இட்டு, புகையில் தொங்கவிடுவார்கள் என்று எழுதியிருக்கிறார். நன்றாகக் காய்ந்ததும் இந்தியாவுக்கும் சீனாவுக்கும் யெமனுக்கும் அனுப்புவார்களாம். ஆக, நம் சம்பலில் அறுநூறு வருடங்களுக்கும் மேலாகப் புகை இருக்கிறது. வேடர்கள் மரப் பொந்தில் தேனை ஊற்றி, அதற்குள் இறைச்சியைப் போட்டுக் களிமண்ணால் அடைத்து, பஞ்ச காலத்துக்கு வைத்திருந்ததை 1681இல் வெளிவந்த ரொபர்ட் நொக்ஸின் நூலில் காணலாம். பிரிஜ் இல்லாத உலகத்தில் இறைச்சியைக் காப்பாற்றுவது மனிதனின் பெரிய தலைவலியாக இருந்திருக்கிறது. அதற்குப் புகை, உப்பு, வெயில், தேன் என்று ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு வழி கண்டது.

இனி யமேக்காவுக்குப் போவோம். பரலும் புகையும் சேர்ந்த இடங்களில் மிகவும் பெயர் பெற்றது அதுதான்.

1655இல் ஆங்கிலேயர் யமேக்காவை ஸ்பானியரிடமிருந்து பிடித்தார்கள். அந்தக் குழப்பத்தில் ஆபிரிக்க அடிமைகள் பலர் மலைக்கு ஓடினார்கள். பிறகு கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்களும் அவர்களோடு சேர்ந்தார்கள். மரூன்கள் என்று அவர்களுக்குப் பெயர். அந்தக் காட்டில் அவர்கள் வேட்டையாடியது காட்டுப்பன்றியை. நமக்கு ஹராமான ஒன்று என்பதற்காக அதை மறைத்து 'காட்டு மிருகம்' என்று எழுதிவிட்டுப் போகலாம்தான். அப்படி எழுதினால் அது வரலாறாக இருக்காது. பன்றியை உப்பு, மிளகாய், பிமெண்டோ என்ற உள்ளூர் மரத்தின் காய் ஆகியவற்றில் ஊறவைத்து, அதே மரத்தின் பச்சைக் கொம்புகளின் மேல் வைத்து மெதுவாக வாட்டினார்கள். இன்று 'ஜேர்க்' என்று சொல்வது அதைத்தான். உலர்ந்த இறைச்சியைக் குறிக்கும் தென் அமெரிக்கக் கெச்சுவா மொழிச் சொல் ஸ்பானியர் வழியாக வந்து அப்படித் திரிந்தது. பிமெண்டோக் காயை நாம் 'ஓல் ஸ்பைஸ்' என்று வாங்குகிறோம்.

வெள்ளைப் படைகள் அவர்களைப் பிடிக்கப் பல தசாப்தங்களாக அலைந்தன. முடியாமல், 1739இல் ஆங்கிலேய அரசே இறங்கிவந்து மரூன் தலைவர் குட்ஜோவுடன் ஒப்பந்தம் செய்தது. தம்மை அடிமைப்படுத்திய பேரரசைக் கையெழுத்துப் போடவைத்தார்கள் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளின் முகம் மலரும். அதே ஒப்பந்தத்தில், இனித் தப்பி ஓடிவரும் அடிமைகளைப் பிடித்துத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற நிபந்தனைக்கும் மரூன்கள் உடன்பட்டார்கள். இதையும் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும்.

இப்போது பரலைப் பார்ப்போம். இதற்குள் நம் கொழும்பும் வருகிறது.

1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எட்வின் டிரேக் என்பவர் துளையிட்டு எண்ணெய் எடுத்தார். எண்ணெய் கிடைத்தது, ஊற்றி வைக்கப் பாத்திரம் இல்லை. சாராயப் பீப்பாக்கள், மீன் பீப்பாக்கள் என்று கையில் கிடைத்த மரப் பீப்பாக்களில் எல்லாம் நிரப்பினார்கள். பீப்பா ஒன்றுக்கு 42 கலன் என்று வியாபாரிகள் ஓர் அளவுக்கு வந்தார்கள். இன்றும் செய்தியில் "மசகு எண்ணெய் பீப்பா ஒன்றின் விலை" என்று வாசிக்கிறார்களே, அது இல்லாமற் போய்விட்ட அந்த மரப் பீப்பாதான். சுமார் 159 லீற்றர். மரப் பீப்பா ஒழுகும், சுருங்கும், தீப்பற்றும். ஒழுகாத, உருட்டக்கூடிய, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கக்கூடிய இரும்புப் பாத்திரம் ஒன்றை எல்லோரும் தேடினார்கள்.

கதையில் அடுத்து வருபவர் ஒரு பெண். பெயர் எலிசபெத் கொக்ரன். நெல்லி பிளை என்ற புனைபெயரில் பத்திரிகையில் எழுதியவர். 1887இல் பைத்தியம் போல நடித்து நியூயோர்க் மனநோய் விடுதிக்குள் பத்து நாள் இருந்து, அங்கே நடந்த கொடுமைகளை வெளியே கொண்டுவந்தார். இரண்டு வருடம் கழித்து, 80 நாளில் உலகைச் சுற்றும் ஜூல் வேர்னின் கற்பனையை உண்மையாக முறியடிப்பேன் என்று ஒரேயொரு கைப்பையுடன் தனியாகக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது 25.

அந்தப் பயணத்தில், 1889 டிசம்பரில், கொழும்புத் துறைமுகத்தில் இறங்கினார். அடுத்த கப்பல் வரவில்லை. ஐந்து நாள் காத்துக் கிடந்தார். தங்கியது கிரான்ட் ஓரியன்டல் ஹோட்டலில், இன்றும் கோட்டையில் துறைமுகத்துக்கு எதிரே நிற்கிறதே அதே கட்டிடம். நேரம் போகாமல் ரயிலேறிக் கண்டிக்கும் போய்வந்தார். கண்டி அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. நாட்களை எண்ணிக்கொண்டு ஓடுகிறவருக்கு எந்த ஊர்தான் பிடிக்கும்? கடைசியில் 72 நாளில் நியூயோர்க் போய்ச் சேர்ந்து உலகப் புகழ் பெற்றார்.

1895இல் தன்னைவிட மிக வயது கூடிய ரொபர்ட் சீமன் என்ற தொழிலதிபரை மணந்தார். அவருடைய அயர்ன் கிளாட் கம்பனி புரூக்ளினில் பால் கேன்களும் கொதிகலன்களும் செய்து வந்தது. 1904இல் கணவர் இறந்ததும் கம்பனி நெல்லி பிளையின் கைக்கு வந்தது. அங்கே வேலை செய்த ஹென்றி வேர்ஹான் என்பவர், ஒழுகாத இரும்புப் பரலை வடிவமைத்து 1905 டிசம்பரில் காப்புரிமை பெற்றார். உரிமை முதலாளிக்கு எழுதிக் கொடுக்கப்பட்டது. இதனால் 'பரலைக் கண்டுபிடித்தவர் நெல்லி பிளை' என்று பேஸ்புக்கில் அடிக்கடி ஒரு பதிவு சுற்றும். அது சரியல்ல. கண்டுபிடித்த கை வேர்ஹானுடையது. அதைத் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் செய்து சந்தைக்குக் கொண்டுபோனது நெல்லி பிளையின் கம்பனி. இரண்டு பேருக்கும் உரியதைக் கொடுத்துவிட வேண்டும்.

தொழிலாளருக்கு நூலகமும் பொழுதுபோக்கு இடமும் அமைத்துக் கொடுத்த முதலாளி அவர். ஆனால் கணக்கில் கவனம் வைக்கவில்லை. நம்பி விட்ட ஆட்களே கள்ளக் கையொப்பம் போட்டுப் பணத்தைச் சுருட்ட, கம்பனி வங்குரோத்தானது. 1914இல் ஐரோப்பாவுக்குப் போனவர் முதலாம் உலக யுத்தத்தில் மாட்டிக்கொண்டு, போர்முனையிலிருந்து செய்தி எழுதினார். 1922இல் காலமானார்.

நம் ஊரில் 45 கலன் பரல் என்று சொல்வோம். அமெரிக்கர் 55 கலன் என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், ஆங்கிலேயக் கலன் பெரிது, அமெரிக்கக் கலன் சிறிது. இரண்டும் ஏறத்தாழ 208 லீற்றர். நடுவிலே இரண்டு வளையங்கள் புடைத்திருக்கும். அவை அழகுக்கு அல்ல. நிறைந்த பரல் 200 கிலோவுக்குக் கிட்ட வரும். அந்த வளையங்களின் மேல் சாய்த்தால் ஒரு சிறுவன்கூட உருட்டிப் போகலாம். தகரமும் நசுங்காது.

இந்தப் பரலை உலகம் முழுக்க விதைத்தது இரண்டாம் உலக மகா யுத்தம். விமானமும் டாங்கியும் லொறியும் எங்கே போனதோ அங்கே எரிபொருள் பரலும் போனது. குவாடல்கனால் தீவில் பட்டினி கிடந்த தன் படைக்கு, ஜப்பான் பரல்களில் உணவை அரைவாசிக்கு நிரப்பி மூடி, கயிற்றில் கோத்து, இரவில் நாசகாரிக் கப்பல்களிலிருந்து கடலில் தள்ளிவிட்டது. கரையில் நிற்பவர்கள் கயிற்றைப் பிடித்து இழுக்கவேண்டும். விடிந்ததும் அமெரிக்கர்கள் மிதக்கும் பரல்களைச் சுட்டு மூழ்கடித்தார்கள். பசித்தவன் கண்முன்னே உணவு தாழ்ந்து போயிருக்கும். 1942 நவம்பர், டிசம்பரில் நடந்தது இது.

யுத்தம் முடிந்ததும் படைகள் வீடு திரும்பின. பரல்கள் திரும்பவில்லை.

டிரினிடாட்டில் ஏழை இளைஞர்கள் அதை எடுத்து இசைக் கருவியாக்கினார்கள். ஆபிரிக்க மேளத்தையும் மூங்கில் வாத்தியத்தையும் அரசு தடைசெய்திருந்த ஊர் அது. பிஸ்கட் டின், குப்பைத் தொட்டி மூடி என்று தட்டிக்கொண்டிருந்தவர்கள் 1940களின் நடுவில் எண்ணெய்ப் பரலின் அடியைக் குழியாக அடித்துச் சுரம் எழுப்பினார்கள். அது இன்று அந்நாட்டின் தேசிய இசைக்கருவி. யமேக்காவிலோ பரலை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, பிணைச்சல் பூட்டி, கால் வைத்து, றோட்டோரத்துக்குக் கொண்டுவந்தார்கள். மலையிலிருந்த மரூன் பரண் அப்படித்தான் சந்திக்கு இறங்கியது. அந்த அரைப் பரலில் இப்போது பெரும்பாலும் சுடுவது கோழி.

நம் நாட்டிலும் பரல் சும்மா இருக்கவில்லை. தார்ப் பரலைத் தட்டி நிமிர்த்திய தகரத்தில் வேலி அடைத்த வீடுகள் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். கிணற்றடியில் தண்ணீர்ப் பரல் இருக்கும். எங்கள் தலைமுறைக்கு வேறொரு பரலும் ஞாபகம். மண் நிரப்பி, வரிசையாக வைத்து, சோதனைச் சாவடிக்கு முன்னால் பாதையை நெளியவைத்த பரல். பஸ்ஸிலிருந்து இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தப் பரல்களுக்கு நடுவே நடந்தவர்கள் நாங்கள். மருமகனுக்கு அது தெரியாது. அவனுக்குப் பரல் என்றால் யூடியூப். அப்படியே இருக்கட்டும்.

அமெரிக்காவுக்கு வருவோம், வீடியோ அங்கிருந்துதானே வந்தது. அங்கே தென் மாநிலங்களில் நிலத்தில் நீளமான குழி வெட்டி, கட்டையை எரித்துக் கரியாக்கி, முழு மிருகத்தை இரவு முழுக்க வாட்டும் வழக்கம் இருந்தது. எசமான் விருந்து கொடுப்பார். நித்திரை விழித்து நெருப்பைப் பார்த்தவர்கள் கறுப்பின அடிமைகள். எந்தக் கட்டை எவ்வளவு புகைக்கும், எப்போது கரி தள்ளவேண்டும் என்ற அறிவு முழுக்க அவர்கள் கையில்தான் இருந்தது. டெக்சாஸில் ஜேர்மனியிலிருந்தும் செக் நாட்டிலிருந்தும் குடியேறிய இறைச்சிக்கடைக்காரர்களின் புகை முறையும் சேர்ந்தது. அங்கே மாட்டின் நெஞ்சுப் பகுதி முதலிடம் பிடித்தது. எண்ணெய் வயல் இருந்த மாநிலம், வெல்டிங் தெரிந்த கைகளுக்கும் பழைய குழாய்க்கும் பரலுக்கும் பஞ்சமில்லை. 1952இல் சிக்காகோ பக்கம் ஜோர்ஜ் ஸ்டீபன் என்பவர், தான் வேலை செய்த பட்டறையில் கடல் மிதவைக்காகச் செய்த இரும்பு உருண்டையை இரண்டாக வெட்டி அடுப்பாக்கினார். அது வெபர் என்ற பெயரில் உலகமெங்கும் விற்கிறது. பரலை முதலில் வெட்டியவரின் பெயரோ எந்தப் பதிவிலும் இல்லை.

வளைகுடாவில் இருந்து வந்தவர்கள் இந்நேரம் 'மந்தியை விட்டுட்டீங்களே சேர்' என்பார்கள். விடவில்லை. யெமனின் ஹழ்ரமௌத் பகுதிச் சாப்பாடு. நிலத்துக்குள் குழி அடுப்பு, அடியில் தணல், மேலே இறைச்சி, காற்றுப் போகாமல் மூடி. வீடுகளில் மந்தி செய்பவர்கள் குழிக்குள் இறக்குவதும் பல வேளைகளில் ஓர் இரும்புப் பரல்தான்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். செய்ய நினைப்பவர்கள் இந்தப் பகுதியை அவசரமாக வாசிக்கவேண்டாம்.

நீலப் பரலைக் கடைக்கே திருப்பிக் கொடுத்தோம். பணம் பாதிதான் வந்தது. வெறும் பரல்தான் நிறைந்த பரலைவிட ஆபத்து என்று நானா சொன்னபோது எனக்கு விளங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பெற்றோல் ஆவி காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு இருந்தாலே பற்றி வெடிக்கும். 208 லீற்றர் பரலை அந்த நிலைக்குக் கொண்டுவர ஒரு மேசைக்கரண்டி பெற்றோல் போதும். அவ்வளவு எந்த வெறும் பரலின் விளிம்பு மடிப்பிலும் தங்கியிருக்கும். டீசலும் எண்ணெய்ப் பூச்சும் சாதாரணமாக அவ்வளவு ஆவியாகாது, ஆனால் கிரைண்டரின் சூடு பட்டதும் ஆவியாகும். தண்ணீர் ஊற்றி இரண்டு தடவை அலம்பினோம் என்பது கணக்கில் வராது.

வெடிக்காமல் தப்பினாலும் முடியவில்லை. பூச்சிநாசினி, அமிலம், பெயின்ட் வைத்திருந்த பரலை எரித்தாலும் கழுவினாலும் சாப்பாட்டுக்கு எடுக்கக்கூடாது. தார்ப் பரலும் அப்படித்தான். வெள்ளி மினுக்கத்தில் நாகப் பூச்சுப் பூசிய தகரமும் வேண்டாம், சூட்டில் வரும் நாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். உள்ளே தேன்நிறத்திலோ சிவப்பாகவோ பிளாஸ்டிக் போன்ற பூச்சு இருக்கும் பரல்களும் உண்டு. அதை முழுக்க எரித்து உதிர்த்தாலன்றிப் பாவிக்கமுடியாது.

கடைசியில் பேக்கரி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம், சமையல் எண்ணெய் வந்த பரல் ஒன்று கிடைத்தது. லேபல் அப்படியே ஒட்டியிருந்தது. மேல் மூடி வளையத்தோடு கழலும் வகை. அதனால் கிரைண்டரே தேவைப்படவில்லை, துளைப்பான் மட்டும்தான். நானா மூடியைத் திறந்துவைத்து, சவர்க்காரமும் சுடுதண்ணீரும் போட்டுக் கழுவி, ஒரு நாள் வெயிலில் காயவிட்ட பிறகுதான் கை வைத்தார்.

அடியிலிருந்து நாலு விரல் உயரத்தில், சுற்றிவர 20 மில்லிமீற்றர் அளவில் நான்கு துளைகள். மூன்றுக்குத் திருகி மூடும் அடைப்பு, ஒன்றுக்கு வால்வு. உள்ளே கம்பி வலையில் ஒரு கரிக்கூடை, சாம்பல் விழ இடம் விட்டுச் சிறு கால்களோடு. கூடையிலிருந்து ஏறத்தாழ 60 சென்ரிமீற்றர் மேலே நாலு போல்ட் பூட்டி, அதில் இறைச்சித் தட்டு. தட்டு பிரிஜ்ஜிலிருந்து கழற்றியதாக இருக்கக்கூடாது, அதன் பூச்சு நஞ்சு. பூசாத கம்பியில் செய்வியுங்கள். மூடியில் ஏற்கெனவே இருந்த இரண்டு அங்குல வாய்தான் புகைபோக்கி. எண்ணெய் ஊற்ற வைத்த வழியால் புகை வந்ததைப் பார்க்க மருமகனுக்கு ஒரே சிரிப்பு.

முதல் நெருப்பு சமைக்க அல்ல. விறகை நிறைய அடுக்கி, மூடி இல்லாமல், வெளியிலுள்ள பெயின்ட் கருகி உதிரும்வரை எரித்தோம். இதை வீட்டு முற்றத்தில் செய்யாதீர்கள், அந்தப் புகை பிள்ளைகளுக்குக் கூடாது. நாங்கள் வயல் பக்கம் கொண்டுபோனோம். பிறகு உரஞ்சிக் கழுவி, உள்ளே தேங்காயெண்ணெய் பூசி, மெதுவான நெருப்பில் மூன்று மணித்தியாலம் கருக்கவைத்தோம். தோசைக்கல் பழக்குவது போலத்தான்.

இதன் சூட்சுமம் முழுக்கக் காற்றில் இருக்கிறது. நெருப்புக்குக் கிடைக்கும் காற்றை அளந்து கொடுத்தால் சூட்டையும் அளக்கலாம். 110 முதல் 130 பாகை செல்சியஸுக்குள் பரலை வைத்திருக்கவேண்டும். துளை முழுக்கத் திறந்தால் அரை மணித்தியாலத்தில் 200ஐத் தாண்டும், இறைச்சி வெளியே கருகி உள்ளே வேகாது. இறுக மூடினால் கரி மூச்சுத் திணறி வெள்ளைப் புகை தள்ளும், இறைச்சி கசக்கும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத நீலப் புகைதான் நல்ல புகை. சிரட்டைக் கரியோடு காய்ந்த கொய்யாக் கட்டை இரண்டு துண்டு போட்டோம். பலகைத் துண்டு, பெயின்ட் அடித்த கட்டை, பலட் மரம் எதுவும் உள்ளே போகக்கூடாது.

மாட்டின் முன்கால் சந்து, நாலு கிலோ. உப்பு, மிளகுத்தூள், கொஞ்சம் கறுவா. அறுத்த அன்றே சுட்டால் இறைச்சி விறைத்துத்தான் இருக்கும். ஒரு நாளாவது குளிரில் கிடக்கவேண்டும். இரண்டரை மணித்தியாலத்தில் உட்சூடு 68 பாகைக்கு வந்தது. அதற்குப் பிறகு ஏறவே இல்லை. ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம், அப்படியே நிற்கிறது. மருமகன் துளையைத் திறக்கக் கை நீட்டினான், நான் விடவில்லை. நமக்கு வியர்த்து உடம்பு குளிர்வது போல இறைச்சி தன் நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிரவைக்கிறது. அந்த நேரத்தில்தான் சவ்வுகள் மெல்ல மெல்லக் கரைந்து பசையாகின்றன. வாழை இலையில் சுற்றி மறுபடி வைத்தோம். நம் ஊர் மாட்டுக்கு அமெரிக்க மாட்டின் கொழுப்பு இல்லை, சுற்றாவிட்டால் காய்ந்துவிடும். இஷாவுக்குப் போய் வந்து பார்த்தபோது 92 பாகை. கத்தி தேவைப்படவில்லை. வெளியே கறுப்பு, உள்ளே ஓரத்தில் விரல் மொத்தத்துக்கு ஓர் இளஞ்சிவப்பு வளையம். வேகவில்லையோ என்று உம்மா பயந்தா. புகையிலுள்ள வாயு இறைச்சியின் நிறத்தைப் பிடித்து நிறுத்துவதால் வருவது அது என்று சொல்லிக் கொடுத்த பிறகுதான் வாயில் வைத்தா. "மாசி மணக்குது" என்றா.

வெல்டிங் நானாவுக்கு ஒரு பொதி கொண்டுபோய்க் கொடுத்தோம். கூலி வாங்க மறுத்திருந்தார்.

கேட்பவர்களுக்காக இன்னும் இரண்டு விடயம். இதை கராச்சுக்குள்ளோ மூடிய கொட்டிலுக்குள்ளோ மூட்டாதீர்கள். கரி வாயுவுக்கு மணமில்லை, ஆள் உறங்கினது போலப் போய்விடுவான். மூடியைத் திறக்கும்போது முகத்தைப் பின்னுக்கு வைத்துத் திறவுங்கள், அடைபட்ட நெருப்பு காற்றுப் பட்டதும் எழும்பும்.

ஊரில் யாரிடமாவது லேபல் கிழியாத தேங்காயெண்ணெய்ப் பரல் இருந்தால் சொல்லுங்கள். தரம் 11 பையன்கள் நாலு பேர் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று நிற்கிறார்கள். துளை போட நானா சம்மதித்திருக்கிறார். நீல நிறத்தில் லேபல் சுரண்டிய பரல் ஒன்றைக் கடையில் கண்டால் வாங்கவேண்டாம். அது நாங்கள் திருப்பிக் கொடுத்தது.